விமானத்தில் போல்ட்டை அட்டவணையில் சொன்ன அளவுக்கு முடுக்கினால் போதுமா?

போதாது. அந்த எண் எந்த நிலைமைக்கானது என்று தெரிந்துகொண்டு முடுக்க வேண்டும். அமெரிக்காவில் என் நண்பர் இரண்டு இருக்கை அலுமினிய விமானம் ஒன்றைத் தன் வீட்டு கராஜிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார். விடுமுறை நாட்களில் நானும் கூட இருந்து வேலை செய்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது எங்களுக்குள் அடிக்கடி வரும் பேச்சுதான்.

அங்கே எல்லோரும் பார்ப்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி கையேடு. 3/16 அங்குல ஏஎன்3 போல்ட்டுக்கு ('ஏஎன்' என்பது விமான போல்ட்டுகளின் தர வரிசைப் பெயர்), வழக்கமான தடிமனான நட்டு என்றால் முறுக்கு 20 முதல் 25 இன்ச்-பவுண்டு. கால் அங்குல ஏஎன்4-க்கு 50 முதல் 70. மெல்லிய நட்டு போட்டால் ஏஎன்3-க்கு 12 முதல் 15 மட்டுமே. இவையெல்லாம் சுத்தமான, எண்ணெய் படாத மரைக்கான எண்கள். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மற்றதெல்லாம் உராய்வு தின்றுவிடும். மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறையும், அதே எண்ணில் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும்.

நிறைய பேர் கோட்டைவிடுவது நைலான் வளையம் வைத்த நட்டில். நட்டு வாஷரைத் தொடுவதற்கு முன்பே நைலான் மரையைக் கவ்விக்கொள்ளும். அப்போது முள் காட்டும் டார்க் ரென்ச்சை, அதாவது முறுக்கை அளக்கும் ஸ்பானரை, போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முள் 8-இல் நின்றால், அந்த 8 நட்டைச் சுற்றுவதற்கே செலவாகிறது. அதை 20–25 உடன் கூட்டி, 28 முதல் 33 வரை முடுக்க வேண்டும். கூட்டாமல் 20-இல் நிறுத்தினால் போல்ட்டுக்குக் கிடைத்தது வெறும் 12. பெரிய போல்ட்டில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஏஎன்3-இல் கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறது. வைத்த அளவு வந்ததும் சத்தம் மட்டும் எழுப்பும் 'க்ளிக்' வகை ரென்ச் இதைக் காட்டாது, அதனால் சிறிய போல்ட்டுகளுக்கு முள் வகையையே வாங்கச் சொல்வேன். அப்புறம், கழற்றிய நட்டு விரலாலேயே சுற்றுகிற அளவுக்கு லூஸாக இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும். தலையைத் திருப்பினால் தண்டு துளையில் உரசும் உராய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். நீளமும் முக்கியம்: மரை இல்லாத பகுதிதான் தகடுகளுக்குள் இருக்க வேண்டும், மரையின் மேல் பாரம் விழக்கூடாது. போல்ட் கொஞ்சம் நீளமாக இருந்தால் வாஷர் சேர்க்கலாம். வாஷர்களை அடுக்கிக்கொண்டே போகாமல் சரியான நீளத்தில் வேறு போல்ட் எடுங்கள்.

கண்ட்ரோல் கம்பிகளின் முனை போல, போல்ட்டே சுழலக்கூடிய இடங்களில் நைலான் நட்டு கூடவே கூடாது. அங்கே வெட்டு வைத்த கேசில் நட்டும், அந்த வெட்டு வழியாக போல்ட்டின் துளையில் செருகி வளைக்கும் காட்டர் பின்னும்தான். குறைந்த அளவு வரை முடுக்கிவிட்டு, வெட்டும் துளையும் நேராகிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் மேல் அளவைத் தாண்டாமல் இன்னும் கொஞ்சம் முடுக்கலாம். அப்போதும் சேரவில்லையா? வாஷரை மாற்றுங்கள். துளைக்காக நட்டைப் பின்னால் தளர்த்துவது மட்டும் வேண்டாம்.

முடித்தவுடனே நட்டிலிருந்து தகடு வரை, இதற்கென்றே உள்ள டார்க் சீல் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். "எல்லாம் முடித்தபின் மொத்தமாகப் போடலாம்" என்று விட்டால் எதை முடுக்கினோம் என்ற குழப்பம் வரும். அந்தக் கோடு பின்னால் விரிசல் விட்டிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். விமானத்தின் பாகங்களை கிட்டாக விற்பவர்களின் கையேடு குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வேறு எண் கொடுத்திருந்தால், அங்கே அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.