குளூட்டனை விட்டால் வேகம் கூடுமா? ஓடுபவர்கள் கேட்ட கேள்விகள்

எனக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கும். நீண்ட தூரம் ஓடுகிறேன், மருத்துவர் இல்லை. கேட்டவற்றில் எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில்.

கேள்வி: டென்னிஸ் வீரர் ஜோகோவிச் குளூட்டனை விட்ட பிறகுதான் 2011-ல் மூன்று கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தார். நானும் விட்டால் என்ன?

பதில்: அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. 2015-ல் சீலியாக் இல்லாத 13 சைக்கிள் வீரர்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு வாரம் குளூட்டனோடு, ஒரு வாரம் இல்லாமல், எந்த வாரம் எது என்று அவர்களுக்கே சொல்லவில்லை. வேகத்திலும் வித்தியாசமில்லை, வயிற்றிலும் இல்லை. விட்டதும் உடம்பு லேசாகிவிட்டது என்பவர்கள் பெரும்பாலும் கேக், பிஸ்கட், பீர் எல்லாவற்றையும் சேர்த்தே விட்டிருப்பார்கள்!

கேள்வி: ஓடும்போது வயிறு உப்பியது. ரொட்டியை நிறுத்தினேன், சரியாகிவிட்டது. அப்போ சீலியாக்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். கோதுமையில் ஃப்ரக்டான் என்று ஒரு சர்க்கரை வகையும் இருக்கிறது, பலருக்கு வயிற்றில் வாயு சேர்வது அதனால்தான். சீலியாக்கா என்று பார்க்க முதலில் எடுப்பது ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை, அது குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பிடிபடும். நான் செய்த முட்டாள்தனம், முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் பரிசோதனைக்குப் போனேன். மறுபடியும் ஆறு வாரம் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள், அந்த ஆறு வாரம் ஓட்டமும் இல்லை, தூக்கமும் இல்லை. காரணமே தெரியாமல் இரும்புச்சத்து குறைந்துகொண்டே போனாலும் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள், சிலருக்கு வயிற்றுத் தொந்தரவே இருக்காது, சோர்வு மட்டும்தான்.

கேள்வி: பாஸ்தா இல்லாமல் போட்டிக்கு எப்படித் தயாராவது?

பதில்: அரிசி, உருளைக்கிழங்கு, சோளம், வாழைப்பழம். என்ன சாப்பிடுவது என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். தினம் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் பயிற்சி செய்தால் உடல் எடையில் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் மாவுச்சத்து வேண்டும். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 360 கிராம். ஒரு கப் சாதத்தில் சுமார் 45 கிராம்தான், அதாவது எட்டு கப். ரொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாலட் வைத்தால் பாதி ஓட்டத்தில் கால் நின்றுவிடும்.

கேள்வி: ஓட்ஸ்?

பதில்: சாதாரண ஓட்ஸில் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும். குளூட்டன் இல்லை என்று அச்சிட்டதை வாங்குங்கள், அதாவது ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்காது. சீலியாக் உள்ள சிலருக்குச் சுத்தமான ஓட்ஸும் ஒத்துக்கொள்ளாது.

கேள்வி: பயிற்சி முகாமில் எல்லோருக்கும் ஒரே சமையலறை. எதில் மாட்டிக்கொள்வேன்?

பதில்: சோயா சாஸில் கோதுமை, மால்ட்டில் பார்லி, இவை எல்லோருக்கும் தெரியும். ஓடும்போது சாப்பிடும் எனர்ஜி ஜெல்லில் உள்ள மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துக்குப் பயப்பட வேண்டாம், கோதுமையிலிருந்து எடுத்தாலும் புரதம் அநேகமாக நீங்கியிருக்கும். மாட்டுவது டோஸ்டரிலும், பாஸ்தா வெந்த அதே தண்ணீரிலும், எல்லோரும் ரொட்டி தடவிய கத்தியை விடும் ஜாம் பாட்டிலிலும்தான். நான் சொந்தமாக ஒரு சின்ன பாட்டில் கொண்டுபோவேன், மூடியில் பெயர் எழுதி. அதிலும் ஒருமுறை ரொட்டித் துகள் கிடந்தது, பேசாமல் குப்பையில் போட்டுவிட்டேன்.