செகண்ட் ஹேண்ட் சந்தேகங்கள்

பழைய லேப்டாப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஆறு மாதம்தான் பயன்படுத்தினாராம். நம்பலாமா?

அவரை நம்ப வேண்டாம், டிஸ்க்கைக் கேளுங்கள். அது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தில் பதிவாகியிருக்கும். இலவச மென்பொருளே காட்டிவிடும். ஆறு மாதம் இரவு பகலாக ஓடினாலும் 4,400 மணிதான் வரும். 15,000 என்று காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் தராதீர்கள்.

திடீரென்று எல்லோரும் பழைய பொருள் வாங்குகிறார்களே, ஏன்?

திடீரென்று இல்லை. ஈபே என்ற இணையச் சந்தை 1995-லேயே வந்துவிட்டது. அதில் முதலில் விலை போனது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். கையில் கேமராவோடு போன் வந்த பிறகு, இரண்டு நிமிடத்தில் படம் எடுத்து விற்பனைக்குப் போட முடிகிறது. முன்பு தெரிந்தவரிடம் வாங்கினோம், இப்போது முகம் தெரியாதவரிடம் வாங்குகிறோம். இங்கே வரும் புகார்கள் எல்லாம் அதிலிருந்து கிளம்புபவைதான்.

ரீசெட் செய்த போன் என்று வாங்கி வந்தேன். ஆன் செய்தால் பழைய ஓனரின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். என்ன செய்வது?

மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது. நானும் மாதம் தவறாமல் எழுதுகிறேன், யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. ஐபோனில் 2013-லும் ஆண்ட்ராய்டில் 2015-லும் இந்தப் பூட்டு வந்தது. திருடியவனுக்குப் போன் பயன்படக் கூடாது என்பதற்காகவே வைத்தார்கள். பட்டனை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால் படங்கள் அழியும், பூட்டு அழியாது.

வாங்கும் இடத்திலேயே முடிக்க வேண்டிய வேலை இது. விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் கணக்கிலிருந்து வெளியேறி, செட்டிங்ஸுக்குள் போய் அழிக்க வேண்டும். அப்புறம் உங்கள் சிம்மைப் போட்டு, இன்டர்நெட் இணைப்போடு, முகப்புத் திரை வரும் வரை நீங்களே செட்டப் செய்யுங்கள். நெட் இல்லாமல் பார்த்தால் பூட்டு இருப்பதே சில சமயம் தெரியாது. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க அடையாள எண் பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கால் மணி நேர வேலை. "அவசரமாகப் போகணும்" என்பவரை அவசரமாகவே போக விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அது திருட்டுப் போனாக இருக்கலாம். பணம் கட்டிய ஆதாரத்தோடு போலீஸில் புகார் கொடுங்கள். அன்லாக் செய்து தருகிறோம் என்பவர்களிடம் போய் இன்னொரு முறை பணத்தை விடாதீர்கள். இன்னொருவர் தலையில் கட்டவும் பார்க்காதீர்கள்.

என் சோபாவை வாங்குபவர் ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்கிறார்.

வராது, போகும்.

பழைய ஹெல்மெட் வாங்கலாமா?

கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு அடியைத்தான் தாங்கும். நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது. குழந்தைக்கான கார் சீட்டுக்கும் இதே பதில்.

பழைய ஃபிரிட்ஜுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

எத்தனை லிட்டர், எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று ஒன்றும் எழுதாமல் விலை மட்டும் கேட்டால் எப்படி? சரி, பொதுவாக ஒன்று சொல்கிறேன். பத்து வருடத்தைத் தாண்டியதை வாங்கினால் மிச்சம் பிடித்ததை மின் கட்டணத்தில் கட்டுவீர்கள். வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்தால் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். ஓடுவதைப் பார்க்காமல் பணம் தராதீர்கள் என்பது இதற்கும் பொருந்தும்.

பைக்கில் டயர் புதிதாகத் தெரிகிறது. போட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும்?

எப்போது போட்டார்கள் என்று தெரியாது, எப்போது செய்தார்கள் என்று தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருடத்தின் 32-ஆவது வாரம். பளபளப்பு ஒரு பாட்டில் பாலிஷில் வந்துவிடும்.