உப்புத்தாளை வைத்து வீட்டிலேயே சாணைக்கல் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். சாணை என்பது எஃகைவிடக் கடினமான துகள்கள் பதிந்த ஒரு சமதளம், அவ்வளவுதான். தண்ணீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாளில் பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு என்ற, எஃகைவிடக் கடினமான துகள்கள் இருக்கும். அதைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டினால் போதும். பென்சில் முனையைச் சொரசொரப்பான தரையில் தேய்த்துக் கூராக்குவது போலத்தான், துகள்கள் மழுங்கிய விளிம்பைக் கீறிக் கீறி எடுத்துவிடும். முதலில் 400 எண் தாள், அப்புறம் 1000, கடைசியில் 2000. எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும். கத்தியைச் சுமார் 20 டிகிரி சாய்த்து முதுகுப் பக்கமாக இழுங்கள், முன்னே தள்ளினால் தாள் கிழியும். ஒரு பக்கம் தேய்த்ததும் மறுபக்கத்தில் விரலை விளிம்பை நோக்கி மெதுவாகக் கொண்டுபோனால் தேய்ந்த உலோகம் மடங்கி நிற்கும் மெல்லிய பிசிறு தட்டுப்படும். விளிம்பு முழுக்க அது வரும்வரை பக்கம் மாற்றாதீர்கள், பலர் அவசரப்படும் இடம் இதுதான்.

அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் கூராகும் என்பது தவறு: அழுத்தம் கூடினால் தாள் அமுங்கி விளிம்பின் ஓரத்தில் எழும்பி, வந்த கூர்மையையே மழுக்கிவிடும்.