லிம்ஃபோமாவுக்கு ரத்தக்குழாயைத் தடுக்கும் ஊசி தேவையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. கழுத்துக் கட்டியில் சதைப் பரிசோதனை செய்து, டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்ஃபோமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய் என்கிறார்கள். அடுத்த வாரம் ஆர்-சாப் என்ற, பல மருந்துகள் சேர்ந்த கீமோ தொடங்குகிறது. குடல் புற்றுநோய் வந்த பெரியப்பாவுக்கு, கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்கும் ஊசியையும் கீமோவோடு சேர்த்துப் போட்டார்கள். அப்பாவுக்கும் கேட்கலாமா?

பதில்: உங்கள் பெரியப்பாவுக்குப் போட்டது பெரும்பாலும் பெவாசிசுமாப் ஆக இருக்கும். புதிய ரத்தக்குழாய்கள் முளைக்காமல் புற்றுக்கட்டி ஓரளவுக்கு மேல் வளர முடியாது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். அக்குழாய்களை வரவழைக்கக் கட்டி சுரக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை முடக்கும் இம்மருந்துக்கு, குடல் புற்றுநோயில் 2004-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

உங்கள் தந்தைக்கு இதைக் கேட்க வேண்டாம். இதே நோய்க்கு ஆர்-சாப்புடன் பெவாசிசுமாபைச் சேர்த்து 787 பேரிடம் நடத்திய 'மெய்ன்' ஆய்வில், நோய் கட்டுப்பட்டிருந்த காலம் சிறிதும் கூடவில்லை. மாறாக, இதயச் செயலிழப்பு 7 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக உயர்ந்ததால் மருந்து இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆர்-சாப்பில் உள்ள டாக்சோரூபிசின் தானே இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. அத்தசையின் நுண்குழாய்களைப் பேணவும் விஇஜிஎஃப் தேவை என்பதால், இரண்டும் சேரும்போது இதயத்தின் மேல் இரட்டைச் சுமை விழுகிறது. பலன் கிடைக்காததற்கு, லிம்ஃபோமா வளரும் நிணநீர் முடிச்சு இயல்பிலேயே ரத்தக்குழாய்கள் செறிந்த இடம், அதனால் கட்டிக்குப் புதுக் குழாய்கள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இவ்வழி முற்றிலும் அடைபட்டுவிட்டதாகவும் சொல்ல முடியாது. லெனலிடோமைடு மாத்திரைக்குப் புதுக் குழாய்களைத் தடுக்கும் குணம் உண்டு. ஆனால் திரும்பி வந்த ஃபாலிகுலர் லிம்ஃபோமா (மெதுவாக வளரும் இன்னொரு வகை) போன்றவற்றில், ஆர்-சாப்பின் 'ஆர்' ஆன ரிட்டுக்சிமாபுடன் அது தரும் பலன், பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுவதால் வருவது என்றே கருதுகிறேன். முதன்முறையாகச் சிகிச்சை பெறும் உங்கள் தந்தைக்கு அது இப்போது வேண்டியதில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது, முதல் சுற்றுக்கு முன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாயிற்றா என்பதைத்தான். டிரிப்பில் இறங்கும் சிவப்பு மருந்துதான் டாக்சோரூபிசின்; அதன்பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போனால் அஞ்ச வேண்டாம். மூச்சிரைப்பு, கால் வீக்கம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த சுற்று வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.