மைதானக் கேள்விகள்: பொடியன்களை மட்டும் இறக்கலாமா?

வாசகர், கல்லடி: மெல்பேர்ணில் இருக்கும் என் மருமகன் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் முதல் அரைமணி நேரம் அந்த ஊர் ஃபூட்டி, அதாவது அவுஸ்திரேலிய உதைபந்தாட்டக் கதைதான். அவர் பின்னால் திரிகிற கழகம் மூத்தவர்களை ஓரம்கட்டிவிட்டு 19 வயதுப் பிள்ளைகளை இறக்கித் தோற்றுக்கொண்டே இருக்கிறதாம். கேட்டால், "இது திட்டம் மாமா" என்கிறார். தோற்பதில் என்ன திட்டம்?

இருக்கிறது. அங்கே ஏ.எப்.எல். என்ற முதல்தர ஃபூட்டிப் போட்டியில் ஆடும் கழகங்கள் காசைக் கொட்டி ஆட்களை வாங்கிக் குவிக்க முடியாது, சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆண்டு முடிவில் 18 வயதுப் பிள்ளைகளைக் கழகங்கள் வரிசையாகத் தெரிவு செய்யும், அந்த வரிசையில் கடைசி இடத்தில் வந்த கழகத்துக்குத்தான் முதல் பிள்ளை. நம்ம ஊரில் கடைசியாக வந்தால் ஏச்சு மட்டும்தான் கிடைக்கும். ஆகவே எப்படியும் இந்த வருடம் வெல்லப் போவதில்லை என்று தெரிந்துவிட்டால், 31 வயதுக்காரரை நிறுத்திவிட்டுப் பொடியனுக்கு ஆட்டம் கொடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு எங்கே பிழைக்கும் என்பதற்கும் மெல்பேர்ண் என்ற பெயரிலேயே இருக்கும் கழகம் சாட்சி. 2010 முடிவில் தங்கள் அணித்தலைவர் ஜேம்ஸ் மெக்டொனால்டையே "இனி இளையவர்களின் காலம்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஜீலோங் அணியிடம் 233க்கு 47 என்று, அதாவது 186 புள்ளிகளால் தோற்றார்கள். ஒரு கோலுக்கு 6 புள்ளி என்று வைத்துப் பாருங்கள், 31 கோல் வித்தியாசம்! பயிற்றுநரின் வேலை உடனேயே போய்விட்டது. அதோடும் விடவில்லை, 2009இல் வேண்டுமென்றே தோற்றார்களா என்று ஏ.எப்.எல். நிர்வாகம் பின்னால் ஒரு விசாரணை வைத்து, அப்படித் தோற்றதாகக் காணவில்லை என்று சொல்லிவிட்டு, 5 இலட்சம் டொலர் தண்டமும் போட்டது. அது என்ன தீர்ப்போ. மருமகனிடம் கேளுங்கள், அவர் அந்தக் கழகத்து ஆளாக இருந்தால் போனை வைத்துவிடுவார்.

கழகச் செயலாளர், திருக்கோவில்: எங்கள் உதைபந்தாட்ட அணியில் ஆறு பேர் கட்டாருக்கும் டுபாய்க்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் உயர்தரம் படிக்கும் பொடியன்கள், அவர்களோடு 35 தாண்டிய இரண்டு பேர். "அண்ணன்மாருக்கு ஓட ஏலாது, எங்களை மட்டும் விடுங்க" என்று பொடியன்கள் நிற்கிறார்கள். நிர்வாகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

அந்த இரண்டு பேரையும் கைவிடாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு, கொஞ்சம் நீளும்.

பல வருடங்களுக்கு முன் நானும் இதே வேலையைச் செய்தவன். வாவிக்கரை வெட்டையில் எங்கள் கழகத்துக்கு ஒரு ஆட்டம், நல்ல கச்சான் காற்றுக் காலம், அடித்த பந்து பாதியில் நின்று திரும்பி வரும். எங்களிடம் ஒரு பழைய பின்வரிசை ஆள் இருந்தார், தொந்தி வைத்து, முழங்காலில் எப்போதும் ஒரு துணி கட்டியிருப்பார். அன்றைக்கு அவரைக் கரையில் இருத்திவிட்டு நான்கு பின்வரிசைக்கும் பொடியன்களையே போட்டேன். முதல் பாதி அருமை, ஒரு கோல் முன்னுக்கு. இடைவேளைக்குப் பிறகுதான் எனக்கு ஏதோ குறைகிறதே என்று பட்டது. மைதானத்தில் சத்தமே இல்லை. அவர் ஆடும்போது "விடு, விடு", "பின்னால ஆள்", "திரும்பாத மனே" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே நிற்பார், அது எங்களுக்குத் தொல்லையாகத்தான் தெரிந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் நான்கு பிள்ளைகளும் ஒரே பந்துக்கு ஓடினார்கள். கடைசி இருபது நிமிடத்தில் நான்கு கோல் வாங்கினோம். அவர் கரையிலிருந்து கத்தினார்தான், காற்றில் யாருக்குக் கேட்கும்?

அவுஸ்திரேலிய ஆட்டத்தில் இது இன்னும் மோசம். பக்கத்துக்கு 18 பேர், நீள்வட்ட மைதானம், ஓஃப்சைட் என்ற விதியே கிடையாது. எதிராளி முன்னால் வருவான் பின்னால் வருவான், நீங்கள் அண்ணாந்து பந்தைப் பார்த்து நிற்கும்போது முதுகில் ஏறியே பிடிப்பான். யாராவது ஒருவர் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது. ஒவ்வொரு கால்பகுதியும் 20 நிமிடம், நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் அரைமணிக்குக் கிட்டப் போகும், அப்படி நான்கு. இளம் அணிகள் மூன்று கால்பகுதி சமமாக நின்றுவிட்டுக் கடைசியில் உடைவது அதனால்தான். ஓட்டம் இருந்தாலும், 26 வயது உடம்போடு இரண்டு மணி நேரம் மோதிய களைப்பில் புத்தி மங்கிவிடும்.

2012இல் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி என்ற புதிய கழகம் ஏறக்குறைய முழுக்கப் பிள்ளைகளோடு போட்டிக்கு வந்தபோது, பழைய ஆட்கள் நாலைந்து பேரைத் தேடிப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதில் ஒருவர் யார் தெரியுமா? மெல்பேர்ண் அனுப்பிவிட்ட அதே மெக்டொனால்ட், அப்போது அவருக்கு 35 வயது. வென்றுவிட்டார்களா என்றால் இல்லை, முதல் வருடம் 22 ஆட்டத்தில் 2, அடுத்த வருடம் 1. ஆனால் பிள்ளைகள் கலையவில்லை. ஐந்தாவது பருவத்தில், 2016இல், இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே 6 புள்ளிகளால் தோற்றார்கள், 2019இல் இறுதிக்கே போனார்கள். (அங்கே ரிச்மண்டிடம் 89 புள்ளிகளால் அடிவாங்கினார்கள், அது வேறு கதை.)

சரி, பெரியவர்கள் இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. 2011இல் வந்த கோல்ட் கோஸ்ட் கழகத்துக்கு கேரி அப்லெட் தலைவர், அந்தக் காலத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை. அப்படியும் முன்னணிக் கழகங்கள் மட்டும் ஆடும் இறுதிச் சுற்றைப் பார்க்க 2025 வரை, 15 பருவம் காத்திருந்தார்கள். வளர்த்தெடுத்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெரிய கழகங்களுக்குப் போனார்கள், 2018 முடிவில் இணைத்தலைவர்கள் இரண்டு பேருமே ஒன்றாகப் போய்விட்டார்கள். உங்களுக்குக் கட்டார், அவர்களுக்கு மெல்பேர்ண்.

உங்கள் அணிக்கு வருவோம். ஒருவரைப் பின்வரிசை நடுவில் போடுங்கள், அவர் ஓட வேண்டாம், கத்தினால் போதும். மற்றவரைக் கடைசி அரைமணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொடியன்கள் முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும்.

ஒரு தாய், ஆரையம்பதி: 17 வயது மகனைப் பெரியவர்கள் அணியில் சேர்த்திருக்கிறார்கள். காலை உடைத்துக்கொண்டு வந்தால் பரீட்சை என்னாவது?

பயம் நியாயமானது அக்கா, ஆனால் மறிக்காதீர்கள். ஏ.எப்.எல்லில் 18 வயதில் தெரிவான எல்லாப் பிள்ளைகளையும் உடனே பெரிய ஆட்டத்தில் விடுவதில்லை, பலர் முதல் பருவத்தில் கீழ்மட்டப் போட்டியில்தான் கூடுதலாக ஆடுவார்கள். சின்ன உடம்புக்காரனை மைதானத்தின் ஓரங்களில் சீக்கிரம் இறக்குவார்கள், நடுவில் நின்று முட்ட வேண்டிய நெட்டைப் பிள்ளைக்கு நாலைந்து வருடம் கூடப் பொறுப்பார்கள், எலும்பு நீண்ட வேகத்துக்குச் சதை வந்திருக்காது. ஆகவே மகனை எந்த இடத்தில் ஆட வைக்கிறீர்கள் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். இன்னொன்று, சனிக்கிழமை பாடசாலை அணி, ஞாயிற்றுக்கிழமை கழகம் என்று இரண்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஒன்றை நிறுத்துங்கள்.

வாசகர், அக்கரைப்பற்று: அந்தப் பிள்ளைகள் கடைசியில் எப்போதாவது வென்றால் என்ன செய்வார்கள்?

உடைமாற்றும் அறைக்குப் போய் வட்டமாகத் தோளோடு தோள் பிடித்துக் கழகப் பாட்டைப் பாடுவார்கள், வென்றால் மட்டும்தான் அந்தப் பாட்டு. முதல் தடவை வெல்கிற புதுப் பொடியன் வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். பாட்டு முடிவதற்குள் குடிக்க வைத்திருந்த இனிப்புப் பானமெல்லாம் அவன் தலையில் ஊற்றியாகிவிடும்.