மீனாட்சியம்மை பாடியது கவிதைதான்
தங்கச்சி, பேச்சுப் போட்டிக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பாட்டெழுதிய மீனாட்சியம்மையை எடுத்தால் "அது மேடைப் பாட்டு, கவிதை இல்லை" என்று சொல்லிவிட்டார்கள், ஆளை மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். 1939இல் இலங்கையில் அரசு வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கினார்கள்; அடுத்த வருடமே 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று பாட்டுப் புத்தகம் போட்டவர் அவர். தோட்டத் தொழிற்சங்கத் தலைவரான கணவர் நடேசய்யர் பேசும் கூட்டங்களில் அவரே மேடையேறிப் பாடினார், அந்தக் காலத்தில் ஒரு பெண்! எழுத்துத் தெரியாத சனத்துக்குத் தெரிந்த மெட்டில் நாலு வரி கிடைத்தால் போதும், கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது அது தானாக வாயில் வரும். எங்கள் அம்மாயி லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் அரிசி புடைக்கும்போது முறம் தட்டுகிற சத்தத்துக்கே பாட்டெடுப்பார். அதனால் முதலில் இரண்டு வரி பாடுங்கள், அப்புறம் பேசுங்கள்.