எட்டாம் வகுப்பு மகளை ஃபிரான்ஸ் அனுப்ப நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு, இரண்டாம் மொழி ஃபிரெஞ்சு. வரும் மே மாதம் பள்ளியிலிருந்து 12 நாள் ஃபிரான்ஸ் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஓர்லியான் நகரத்தில் மூன்று இரவு அங்குள்ள குடும்பங்களோடு தங்குவார்கள், பிறகு பாரிஸ், டிஸ்னிலேண்ட், கடைசியில் சுவிட்சர்லாந்து. ஒரு பிள்ளைக்கு 2,85,000 ரூபாய். இந்த மாதக் கடைசிக்குள் 50,000 முன்பணம் கட்ட வேண்டும். என் சம்பளமும் கணவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 78,000 வருகிறது. செல்வமகள் திட்டத்துக்குக் கட்டுவது உட்பட செலவு 58,000. வங்கியில் மூன்றரை லட்சம் டெபாசிட் இருக்கிறது. நகையை வைத்துவிடலாம் என்கிறார் கணவர். டிராவல்ஸ்காரர்கள் தவணை வசதி தருகிறோம் என்கிறார்கள். அவளுடைய தோழிகள் எல்லோரும் போகிறார்கள். அனுப்பலாமா?

பதில்: இந்த மே மாதம் வேண்டாம், சகோதரி. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து வரும் மே மாதத்தில் அனுப்புங்கள். அதற்கான பணத்தை இந்த மாதமே சேர்க்க ஆரம்பியுங்கள். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதின்ம வயதில் இன்னொரு நாட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்கள் வீட்டு ஒழுங்குக்குள் நாலு நாள் வாழ்ந்து வருவது ஒரு பிள்ளைக்கு மிகப் பெரிய அனுபவம். அதனால்தான் அவசரத்தில் அதை வீணாக்க வேண்டாம் என்கிறேன்.

முதலில் பணம். நீங்கள் 35,000 போட்டு, மீதி 2,50,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் இரண்டு வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 12,000. வட்டியாக மட்டும் 38,000 போகும். அதே 12,000 ரூபாயை இரண்டு வருடம் வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) கட்டினால், வட்டி ஆறரை சதவீதம் என்றாலே, சுமார் 3,08,000 ரூபாய் கையில் இருக்கும். மாதாமாதம் உங்கள் கையிலிருந்து போவது இரண்டு வழியிலும் ஒரே தொகைதான். உங்களுக்கு மாதம் 20,000 மிஞ்சுகிறது, ஆகவே 12,000 முடியாத காரியம் இல்லை. இரண்டு வருடக் கெடு உள்ள பணம் என்பதால் பங்குச் சந்தை ஃபண்டு பக்கம் போக வேண்டாம், ஆர்.டி. போதும்.

டெபாசிட்டில் இருக்கும் மூன்றரை லட்சத்தைத் தொடாதீர்கள். உங்கள் வீட்டின் ஆறு மாதச் செலவு சரியாக அவ்வளவுதான் வருகிறது. ஒருவர் வேலைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பணம்தான் நிற்கும். நகையை வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தனிநபர் கடனைவிட வட்டி குறைவாக இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி நிஜமான அவசரம் வரும்போது நகை ஏற்கெனவே அடகில் இருந்தால் என்ன செய்வீர்கள்? செல்வமகள் கணக்கில் கை வைக்கும் யோசனையும் வேண்டாம். மகள் 18 வயதை எட்டிய பிறகோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோதான் அதில் பாதி வரை எடுக்க முடியும், அதுவும் மேற்படிப்புக்கு மட்டும்.

இரண்டாவது காரணம், எனக்கு இதுதான் முக்கியம், மொழி. எட்டாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஃபிரெஞ்சில் பெயர் சொல்லவும், வயது சொல்லவும், கடையில் விலை கேட்கவும் வரும். இரவுச் சாப்பாட்டு மேசையில் அந்த வீட்டுப் பாட்டி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வராது. அப்புறம் ஆங்கிலம், செல்போன், கூட வந்த தோழியோடு தமிழ். மூன்று இரவு போய்விடும். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அவள் டெல்ஃப் என்ற ஃபிரெஞ்சு மொழித் திறன் தேர்வில் ஏ2 என்ற அடிப்படை நிலையைத் தேறிவிட்டால் நிலைமையே வேறு. ஊரைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, நம் சாப்பாட்டைப் பற்றி நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியும். பயணச் செலவோடு ஒப்பிட்டால் தேர்வுக் கட்டணம் மிகச் சிறியது, சான்றிதழுக்குக் காலாவதியும் கிடையாது. இந்த வருடம் நீங்கள் செய்ய வேண்டிய செலவு அதுதான்.

அடுத்து, பள்ளி அனுப்பிய திட்டத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் கழியும் பத்துப் பதினோரு இரவில் குடும்பங்களோடு இருப்பது மூன்றே இரவு. மற்றதெல்லாம் எந்த டிராவல்ஸும் விற்கும் ஐரோப்பா டூர்தான். டிஸ்னிலேண்டும் பனிமலையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தப்பில்லை. ஆனால் கலாச்சாரக் கல்வி என்ற பெயரில் மூன்று லட்சம் வாங்கும்போது அந்தக் கல்வி எத்தனை நாள் நடக்கிறது என்று பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். மே மாதத்தில் நம் பிள்ளைகளுக்கு லீவு, ஃபிரான்ஸில் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். அங்கே கோடை விடுமுறை ஜூலை தொடக்கத்தில்தான் வருகிறது. உள்ளூர்ப் பள்ளி ஒன்றோடு ஏற்பாடு செய்தால் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் அங்கே வகுப்பிலேயே உட்காரலாம். சுவிட்சர்லாந்தை எடுத்துவிட்டு ஓர்லியானில் ஒரு வாரம் இருந்தால் செலவும் குறையும், போன காரியமும் நடக்கும். இதை நாலைந்து பெற்றோர் சேர்ந்து பள்ளியில் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் குறை சொல்வது போல இருக்கும்.

செலவு விவரத்தை வரிவரியாக எழுத்தில் கேளுங்கள். ஃபிரான்ஸ், சுவிட்சர்லாந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் அந்தக் கட்டணம் கிடையாது என்பது ஐரோப்பிய விசா விதி. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்தை மட்டும் தனியாக வாங்குவார்கள். உங்கள் விவரத்தில் விசாவுக்கு முழுத் தொகை போட்டிருந்தால், இதைக் கல்விப் பயணமாக விண்ணப்பிக்கிறீர்களா, சாதாரணச் சுற்றுலாவாகவா என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே பயணத்தின் லட்சணம் தெரிந்துவிடும். நுழைவுக் கட்டணங்களையும் பாருங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, ஓர்லியானுக்குப் பக்கத்தில் உள்ள ஷாம்போர் அரண்மனை, மூன்றிலும் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பொதுவாக அனுமதி இலவசம்.

சொன்ன விலையில் ஜிஎஸ்டியும் டிசிஎஸ்ஸும் (பணம் வாங்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) சேர்ந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நீங்களே வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் வருடத்துக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்லை. டூர் பேக்கேஜ் என்றால் முதல் ரூபாயிலிருந்தே உண்டு. 2025-26-ல் 5 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 20 என்று இருந்தது. 2026 பட்ஜெட்டில் ஒரேயடியாக 2 சதவீதமாகக் குறைத்தார்கள். 2,85,000 ரூபாய்க்கு 5,700. அது வீண் செலவில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மகளுடைய பான் எண்ணைக் கொடுக்காமல், பணம் கட்டுபவர் யாரோ அவருடைய பான் எண்ணைக் கொடுங்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டாம்.

விலையை ரூபாயில் நிர்ணயித்திருக்கிறார்களா, யூரோவிலா என்பதையும் பாருங்கள். யூரோ 2025-ல் 100 ரூபாயைத் தாண்டியது. நீங்கள் ஆர்.டி.யில் சேர்க்கும் தொகை இன்றைய விலையைவிட சுமார் 23,000 அதிகமாக இருப்பது விலையேற்றத்துக்காகத்தான். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போக முடியாவிட்டால் எவ்வளவு, இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஷெங்கன் விசா கிடைக்காது, ஆகவே அந்த பாலிசி எது, பயண ரத்தும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தங்கும் வீடுகளை யார் போய்ப் பார்த்துச் சரிபார்த்தார்கள், ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள், இரவில் அவசரம் என்றால் எந்த ஆசிரியர் எவ்வளவு தூரத்தில் இருப்பார் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெண் பிள்ளையை முன்பின் தெரியாத வீட்டில் விடுகிறீர்கள்.

இரண்டு வருடம் கழித்துப் பள்ளி இப்படி ஒரு பயணம் நடத்தவில்லை என்றால்? அப்போது அவளுக்கு 15 வயது ஆகியிருக்கும், ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் தங்கவைக்கும் குடும்பங்கள் பணம் வாங்குவதில்லை. விமானக் கட்டணம், காப்பீடு, விசா, கைச்செலவு ஆகியவைதான் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. குறுகிய காலப் பரிமாற்றம் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு நடக்கும். உங்கள் மகள் அங்கே போவாள், அந்த வீட்டுப் பிள்ளை திருச்சிக்கு வந்து உங்களோடு இருப்பாள். எனக்கு இது பள்ளிப் பயணத்தைவிட மேலானதாகவே படுகிறது. ஊரில் உள்ள ரோட்டரி சங்கத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள்.

மகளிடம் இந்தக் கணக்கைத் திறந்து காட்டிச் சொல்லுங்கள். 13 வயதில் அவளுக்குப் புரியும். தோழிகள் போகும்போது தான் மட்டும் வீட்டில் இருப்பது அவளுக்கு வலிக்கத்தான் செய்யும், அதை இல்லை என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். "காசு இல்லை" என்று முடிக்காமல், எந்த மாதம், எவ்வளவு சேர்ந்ததும், எந்தத் தேர்வு எழுதியதும் போகப் போகிறாள் என்று தேதியோடு சொல்லுங்கள். ஆர்.டி. தொடங்கும் நாளில் வங்கிக்கு அவளையும் அழைத்துப் போங்கள். பள்ளிக்கு இந்த மாதக் கடைசிக்குள் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்: இந்த முறை மகள் வரவில்லை, பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்கு, குடும்பங்களோடு குறைந்தது ஒரு வாரம் தங்கும்படி பயணம் ஏற்பாடு செய்தால் முதலில் பெயர் கொடுப்பது நாங்கள்தான் என்று.